மந்திரி, செயலாளர், நடுவில் ஒரு கோப்பு: நையாண்டி எழுதிப் பழகியதில் கிடைத்தவை

மந்திரி ஜோக் எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மந்திரியை மட்டுமே பார்க்கிறார்கள். கரை வேட்டி, பின்னால் நாலு கார், மைக்கைக் கண்டதும் வருகிற உளறல், அதோடு சரி. பக்கத்தில் கோப்பை வைத்துக்கொண்டு நிற்கிற ஐ.ஏ.எஸ். அதிகாரி அந்த ஜோக்கில் வருவதே இல்லை. வந்தாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். சென்னைக் கோட்டையில், தலைமைச் செயலகத்தில், உதவியாளராகச் சேர்ந்து பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். எந்தத் துறை என்பது வேண்டாம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், சிரிப்பு அந்த இரண்டு பேரில் யாரிடமும் இல்லை, அவர்களுக்கு நடுவில் கிடக்கிற கோப்பில்தான் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு ஓய்வூதியர் சங்க ஆண்டு விழாக்களுக்குச் சின்னச் சின்ன நையாண்டி நாடகங்கள் எழுதிக்கொடுக்க ஆரம்பித்தேன், அப்புறம் வெளியாட்களும் கேட்டார்கள். இந்த மாதிரி எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு உதவட்டும் என்று எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கோப்பு எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தபால் பிரிவுக்கு வரும், உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுதுவார், பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர் என்று ஏறி அமைச்சரிடம் போகும். இதில் எந்தப் படியில் இருப்பவருக்கும் ஒரு வசதி உண்டு. ஒப்புதல் தரவும் மனமில்லை, மறுக்கவும் தைரியமில்லை என்றால் ஓரத்தில் "பேசவும்" என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டுக் கீழே அனுப்பிவிடலாம். கீழே இருப்பவர் பேசப் போவார். உள்ளே கூட்டம் நடக்கும். நாளைக்கு வரச் சொல்வார்கள். நாளைக்குப் போனால் ஐயா முகாம் போயிருப்பார். கடைசியில் எப்படியோ பேசி முடித்துவிட்டு வந்து "பேசினேன், மறுகுறிப்பு வைக்கப்படுகிறது" என்று எழுதுவார். என்ன பேசினார்கள் என்பது கோப்பில் எங்கேயும் இருக்காது. என் பணிக்காலத்தில் நான் பார்த்த மிகச் சுத்தமான நகைச்சுவை இதுதான். இதை மேடையில் வைக்க ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் கோப்போடு நடக்கிறார், கதவுக்கு வெளியே நிற்கிறார், திரும்ப நடக்கிறார். நாங்கள் ஒரு தடவை இதை வசனமே இல்லாமல் போட்டோம். அரங்கில் இருந்த பாதிப் பேர் கோட்டையில் வேலை பார்த்தவர்கள் என்பதால் கண்ணீர் வரச் சிரித்தார்கள். மீதிப் பாதி ஏதாவது ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள், அவர்களும் சிரித்தார்கள், கொஞ்சம் வேறு மாதிரி.

2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு இந்தக் கதையில் புதிதாக ஒரு பாத்திரம் நுழைந்தது. பத்து ரூபாய் கட்டிக் கேட்டால் கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகளையே நகல் வாங்கிவிடலாம் என்று ஆனதும், முன்பு ஓரத்தில் எழுதியதை எல்லாம் ஒட்டுகிற மஞ்சள் சீட்டில், அதுவும் பென்சிலால், எழுதத் தொடங்கினார்கள். கோப்பு மேலே போகும்போது மஞ்சள் சீட்டு இருக்கும், திரும்பி வரும்போது இருக்காது. நையாண்டி எழுதுகிறவருக்கு இது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதை. சட்டத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரி வசனம் எழுத வேண்டாம், மஞ்சள் சீட்டை எடுத்து ஒருவர் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதைக் காட்டினால் போதும். வெளிப்படைத்தன்மை வந்ததால் எழுத்து எப்படி ஒளிந்துகொண்டது என்பது புரிந்துவிடும்.

மந்திரி பக்கத்தில் இதற்கு இணையான சங்கதி வாய்மொழி உத்தரவு. ஓய்வு பெற்ற மத்திய அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் இன்னும் சில முன்னாள் அதிகாரிகளும் தொடுத்த வழக்கில், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவை வைத்துச் செயல்படக் கூடாது, அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அருமையான தீர்ப்பு. நடைமுறையில் அதன் காட்சி எப்படி இருக்கும் என்று யோசித்து எழுதியதுதான் இது:

"நீங்க சொன்னபடியே செஞ்சிடலாம் சார். நீங்க இப்படிச் சொன்னதா ஒரு வரி கோப்புல பதிஞ்சிடறேன்."

"நான் எங்க சொன்னேன்? நீங்க சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப நான் சொன்னதை நீங்க ஏத்துக்கிட்டதா பதிஞ்சிடறேன் சார்."

"ஏத்துக்கிட்டேன்னு யாரு சொன்னது? நல்லா இருக்குன்னுதான் சொன்னேன்."

"சரிங்க சார். நல்லா இருக்குன்னு சொன்னதா பதிஞ்சிடறேன்."

இதில் யாரும் முட்டாள் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், அவரவர் கணக்கில் இரண்டு பேர் சொல்வதும் நியாயம். மந்திரிக்கு அடுத்த தேர்தல், அதிகாரிக்குத் தணிக்கை, லஞ்ச ஒழிப்புத் துறை, நீதிமன்ற அவமதிப்பு. ஒருவர் பயம் இன்னொருவருக்கு அத்துப்படி. எதிராளியை மட்டமாக எழுதினால் காட்சி அரை நிமிடத்தில் செத்துவிடும், இரண்டு பேருக்கும் சம மூளை கொடுத்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடும்.

படிக்காத மந்திரி, படித்த அதிகாரி என்கிற வார்ப்பை நான் தொடுவதே இல்லை. அதைத் தொடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி உண்டு. 1954 முதல் 1963 வரை இந்த மாநிலத்தை ஆண்ட காமராஜர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர், அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் ஐ.சி.எஸ். முடித்தவர்கள். அங்கே யார் யாருக்குப் பாடம் எடுத்தார்கள்? மந்திரியின் ஆங்கிலம், பேச்சு வழக்கு, நிறம், சாதி இவற்றை வைத்து வருகிற சிரிப்பு அதிகாரத்தைப் பார்த்துச் சிரிப்பதே இல்லை. அவர் பிறந்த இடத்தைப் பார்த்துச் சிரிப்பது அது, அதற்கு நையாண்டி என்ற பெயர் எதற்கு?

இப்போது நிழற்குடை நாடகத்துக்கு வருகிறேன், கூட்டத்தில் அதிகம் எடுபட்டது அதுதான். கதை முழுக்கக் கற்பனை. ஒரு கிராமத்துக்குப் போன அமைச்சர், வெயிலில் நிற்கிற மக்களைப் பார்த்து மேடையிலேயே பேருந்து நிழற்குடை அறிவித்துவிடுகிறார். செயலாளர் மறுக்கவில்லை. நல்ல அதிகாரி ஒருபோதும் மறுக்க மாட்டார், வரவேற்பார். "மாண்புமிகு அமைச்சரின் அறிவிப்பு மிகவும் வரவேற்கத்தக்கது" என்று குறிப்பு தொடங்கும்போதே அனுபவசாலிகள் அரங்கில் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். இடம் நெடுஞ்சாலைத் துறையுடையதா, வருவாய்த் துறையின் புறம்போக்கா, ஊராட்சியுடையதா என்று மூன்று துறைக்கும் கடிதம் போகிறது. போக்குவரத்துத் துறை, அங்கே நிறுத்தமே கிடையாது, நிழற்குடை கட்டினால் நிறுத்தம் தருவதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஊரக வளர்ச்சித் துறை, நிறுத்தம் இருந்தால் நிழற்குடையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. நிதித் துறை, செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் போடுவது என்று ஒற்றைக் கேள்வி கேட்டுத் திருப்புகிறது. இதுவரை யார் வேண்டுமானாலும் எழுதிவிடுவார்கள். மந்திரி தோற்றுப்போவதோடு முடித்தால் இது இன்னொரு சிவப்பு நாடா கதை, நம் ஊரில் எழுதித் தேய்ந்தது.

எங்கள் மந்திரி தோற்கவில்லை. ஒப்புதல் இல்லாமல் கட்டத்தானே கூடாது, அடிக்கல் நாட்டலாமே என்று போய் நாட்டிவிடுகிறார். கருங்கல், நல்ல அகலம், பெயர் பொறித்தது. கட்டடம் வரவில்லை. ஆனால் ஊரில் உட்கார வேறு இடம் இல்லாததால் ஜனங்கள் அந்தக் கல்லில் உட்கார்ந்து வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் துணைக் கேள்வி எழுப்புகிறார், நிழற்குடை என்ன ஆயிற்று? செயலாளர் எழுதிக்கொடுத்த பதிலை மந்திரி வாசிக்கிறார்: "அடிக்கல் நாட்டப்பட்ட நாள் முதல் பொதுமக்கள் அதனைப் பெருமளவில் பயன்படுத்தி வருகிறார்கள் என்பதைப் பேரவைத் தலைவர் வாயிலாகத் தெரிவித்துக்கொள்கிறேன்." ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மேசை தட்டுகிறார்கள். அதுவரை முட்டிக்கொண்டிருந்த மந்திரியும் செயலாளரும் சேருகிற இடம் இது. கோட்டையில் நிஜமாகவே அவர்கள் சேருவது இப்படி ஒரு பதிலில்தான் என்பது என் அபிப்பிராயம்.

நாடகம் முடிந்ததும் ஓய்வு பெற்ற துணைச் செயலாளர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "தம்பி, கல்லு வாங்கினதுக்குத் தணிக்கைத் தடை வந்திருக்குமே, அதை எங்க?" என்று கேட்டார். அப்படியே வாங்கிச் சேர்த்துக்கொண்டேன். அடுத்த முறை தணிக்கைக் குழு கிராமத்துக்கு வந்து, கட்டடம் இல்லாததால் கல்லை "பயனற்ற செலவினம்" என்று எழுத முற்படுகிறது, ஆனால் அதை எழுதுவதற்கு அந்தக் கல்லில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. பழைய அதிகாரிகளிடம் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். தங்களைக் கிண்டல் செய்கிறோம் என்று கோபப்படுவார்கள் என நினைக்காதீர்கள். அவர்களுக்குக் கோபம் வருவது நடைமுறையைத் தப்பாகக் காட்டினால்தான்.

மொழிக்கு வேறெங்கும் போகாதீர்கள், அரசாணைகளைப் படியுங்கள். சட்டமன்றத்தில் துறைவாரியாக நிதி கேட்கிற மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வெளியிடுகிற கொள்கை விளக்கக் குறிப்பும் அரசாணைகளும் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சுருக்கம், துறையின் பெயர், எண், நாள், அதன் கீழே திருவள்ளுவர் ஆண்டு, தமிழ் வருடத்தின் பெயர், மாதம், பிறகு "படிக்கப்பட்டவை" என்று ஒரு வரிசை, கடைசியில் "ஆளுநரின் ஆணைப்படி". அரசியல் சட்டத்தின் 166-வது பிரிவு மாநில அரசின் ஆணைகள் ஆளுநர் பெயரில்தான் வெளிவர வேண்டும் என்கிறது, அதனால் நிழற்குடையோ கழிப்பறைக் கதவோ எல்லாம் ஆளுநரின் ஆணைப்படிதான். இந்த நடையை அப்படியே வைத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் மாற்றினால் போதும். எங்கள் நிழற்குடைக்கு நான் எழுதியது:

"ஆணையர் தமது கடிதத்தில் நிழல் விழும் திசை குறித்துக் கருத்துரு அனுப்பியுள்ளார். அரசு அதனைக் கவனமுடன் பரிசீலித்து, நிழலானது முற்பகலில் மேற்கிலும் பிற்பகலில் கிழக்கிலும் விழுவதற்கு அனுமதி அளித்து ஆணையிடுகிறது. நண்பகல் நிழலுக்கு உரிய கருத்துருவினைத் தனியே அனுப்புமாறு ஆணையர் கேட்டுக்கொள்ளப்படுகிறார். இவ்வாணை நிதித் துறையின் இசைவுடன் வெளியிடப்படுகிறது."

இதை வாசிக்கிறவர் ஐயர் சங்கல்பம் சொல்கிற மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசிக்க வேண்டும். சிரித்துக்கொண்டே வாசித்தால் தீர்ந்தது. நாங்கள் இதற்கு நடிகரையே போடுவதில்லை, பணியில் நிஜமாகவே அரசாணை தட்டச்சு செய்த ஒரு அம்மாவை நிறுத்தி வாசிக்க வைப்போம்.

இந்தக் காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. கேலி அரசாணை எழுதினால் கோபுரச் சின்னம் போடாதீர்கள், நிஜமாக இருக்கக்கூடிய எண்ணும் நாளும் கொடுக்காதீர்கள். யாராவது மேல் பாதியை மட்டும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விடுவார்கள், மறுநாள் காலை ஒரு கிராமமே விண்ணப்பத்தோடு தாலுகா அலுவலகத்தில் நிற்கும், அதற்குப் பதில் சொல்லப்போவது மந்திரியும் இல்லை, செயலாளரும் இல்லை, கவுண்டரில் இருக்கிற இளநிலை உதவியாளர். நான் எண் போடும் இடத்தில் பூஜ்யம் போடுகிறேன்.

சட்டம் பற்றிக் கேட்கிறார்கள், எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழக சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கண்டனம் கிளம்பியதும் சில நாளிலேயே விடுவித்தார்கள், பின்னாளில் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்த ஜோக்கில் யார் பெயரும் இல்லை. ஆகவே பெயர் போடாவிட்டால் ஆபத்தில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதிகாரிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை, 2017 நவம்பரில் ஒரு கார்ட்டூனிஸ்ட் கைதானது மாவட்ட ஆட்சியர் கொடுத்த புகாரின் பேரில். இன்னொரு பக்கம், 1994-இல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுப் பதவியில் இருப்பவர் தம் பணி சம்பந்தமான விமர்சனத்துக்காக எளிதில் நஷ்டஈடு கேட்டுவிட முடியாது, அது பொய் என்பதோடு உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமல் எழுதப்பட்டது என்றும் காட்ட வேண்டும் என்றது. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்த்தது இன்னும் சுவாரசியம். சிறுமலைக்குச் சுற்றுலா போனவர், துப்பாக்கிப் பயிற்சிக்காகப் பயணம் என்று முகநூலில் வேடிக்கையாக எழுதியதற்குப் போலீஸ் வழக்குப் போட்டிருந்தது. வழக்கை ரத்து செய்த நீதிபதி, வேடிக்கையாக இருப்பதற்கும் உரிமை உண்டு என்கிற ரீதியில் எழுதிய தீர்ப்பு அது, படிக்கவே நகைச்சுவையாக இருக்கும், தேடிப் படியுங்கள். கிரிமினல் அவதூறு இன்னும் இருக்கிறது, முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. என் நடைமுறை சாதாரணம்தான், நடத்தையைக் கிண்டல் செய்வேன், இன்னார் இவ்வளவு வாங்கினார் என்கிற மாதிரி ஒரு வரிகூட எழுத மாட்டேன். ஆதாரம் இருந்தால் அதைப் புகாராகக் கொடுக்க வேண்டும், நாடகமாகப் போடக் கூடாது.

பணியில் இருப்பவர்கள் கவனத்துக்கு: தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 என்று ஒன்று இருக்கிறது. கதை கவிதைக்கு இருக்கிற தளர்வு அரசின் கொள்கையை விமர்சிப்பதற்குக் கிடையாது. "இது இலக்கியம் சார்" என்று நீங்கள் விளக்கம் எழுதுவீர்கள், அது இலக்கியமா என்று முடிவு செய்யப்போவது நீங்கள் கிண்டல் செய்த ஆள். 17-பி சார்ஜ், அதாவது பெரிய தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு, வாங்கிவிட்டால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நிற்காது, விசாரணை முடிய எத்தனை வருஷம் ஆகும் என்பது உள்ளே இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறிப்பு எடுத்து வையுங்கள். எடுத்ததைக் கோப்பு எண்ணோடு எடுக்காதீர்கள். ஓய்வு பெற்ற பிறகு எழுதுங்கள், அப்போதும் ஓய்வூதியம் நன்னடத்தைக்கு உட்பட்டதுதான் என்பது ஞாபகத்தில் இருக்கட்டும்.

கட்சி விஷயம். 2011-க்கு முன் எழுதிய ஒரு காட்சியை ஆட்சி மாறிய பிறகும், 2021-க்குப் பிறகும் சொல் மாற்றாமல் போட்டிருக்கிறோம். முதலில் முன்வரிசையில் சிரித்தவர்கள் பிறகு செல்போனைப் பார்த்தார்கள், முன்பு செல்போனைப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு காட்சியை எந்த ஆட்சியிலும் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அதில் கோப்பு இல்லை, ஆள்தான் இருக்கிறார். ஆளை வைத்து எழுதினால் அன்றைக்குக் கைதட்டல் அதிகம், மறுக்கவில்லை. துண்டின் நிறத்தை மட்டும் நாங்கள் வெள்ளையாகவே வைத்துக்கொள்கிறோம், நிறம் தெரிந்த நொடியில் ஜனங்கள் கோப்பை மறந்துவிட்டுக் கட்சியைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மனு சுற்றிச் சுற்றி, புகார் யார் மேல் கொடுத்தோமோ அவரிடமே விசாரணைக்கு வருகிற கதையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உண்மைதான், தினமும் நடக்கிறதுதான், ஆனால் முதல் காட்சியிலேயே முடிவைப் பின்வரிசையில் யாராவது சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக யாரும் தொடாத இடங்கள் நிறைய இருக்கின்றன. அமைச்சர்கள் மொத்த எண்ணிக்கை சட்டமன்றத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அரசியல் சட்டம் சொல்கிறது, 234 பேர் அவையில் முதல்வரோடு சேர்த்து 35. அதனால் ஒரே அமைச்சரிடம் இரண்டு மூன்று துறைகள் இருக்கும். அவருடைய ஒரு துறை அவருடைய இன்னொரு துறையிடம் கருத்துக் கேட்டு எழுதும், அது மறுத்து எழுதும், இரண்டு கோப்பும் ஒரே மேசைக்கு வரும், அவர் தனக்குத் தானே நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். இதை இன்னும் யாரும் சரியாக எழுதவில்லை.

நான் அடுத்து எழுத நினைப்பது இ-ஆபீஸ் பற்றி. கோப்பெல்லாம் கணினிக்குப் போய்விட்டது, திறந்த நேரம்கூடப் பதிவாகும் என்கிறார்கள், அப்படியானால் மஞ்சள் சீட்டு எங்கே போயிற்று? அது அழிந்திருக்க வாய்ப்பே இல்லை. வாட்ஸ்அப் குரல்பதிவாக மாறியிருக்கும் என்பது என் ஊகம். உள்ளே இருப்பவர்கள் யாராவது நேரில் பார்க்கும்போது சொல்லுங்கள். எழுத்தில் வேண்டாம்.